குட்டி ஈனும் மீன்

மீன் என்றவுடன், அது முட்டையிடும் உயிர் என்றே நாம் கருதுகிறோம். கெண்டையும் விராலும் அவ்வாறே இனம் பெருக்குகின்றன. ஆயின், குட்டி ஈனும் மீன்களும் உலகில் உள்ளன. கப்பி, மோலி, பிளாட்டி என்பன அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் கப்பியை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தல் எளிது. கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்தாவது.

கப்பி நம் நாட்டு மீன் அன்று. தென்னமெரிக்காவின் வடபகுதியும் அதனை அடுத்த டிரினிடாட் தீவும் அதன் தாயகமாகும். அத்தீவில் வாழ்ந்த இராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்னும் அறிஞர் இம்மீனை இலண்டனுக்கு அனுப்பினார். 1866-ஆம் ஆண்டில் அவர் பெயரே இதற்குச் சூட்டப்பெற்றது. இது கொசுப் புழுக்களை விரும்பி உண்பதால், மலேரியாவைத் தடுக்கும் நோக்குடன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. இதன் உறவாகிய கம்பூசியா 1928-இல் இத்தாலியிலிருந்து வந்தது.

ஆண்மீன் 3 சென்டிமீட்டர் அளவே வளரும். அதன் வாலோ மயில்தோகை போலப் பல வண்ணங் காட்டும். பெண்மீன் உருவிற் பெரிது, நிறத்திற் குறைந்தது. முட்டைகள் தாயின் வயிற்றினுள்ளேயே பொரிகின்றன. ஏறத்தாழ நான்கு வாரங்களில், அடிவயிற்றிலுள்ள கரும்புள்ளி பெரிதாகிக் கறுக்கும். ஈனுங்காலம் அணித்தாயிற்று என்பதற்கு அதுவே அறிகுறி. ஒரு சூலில் இருபது முதல் ஐம்பது குஞ்சுகள் வரை பிறத்தல் இயல்பு. பிறந்த பொழுதே அவை நீந்தத் தொடங்கும்.

இம்மீன்களுக்கு ஏற்ற நீர் எது? கோவை மக்கள் சிறுவாணி நீரின் சுவையைப் புகழ்வர். அது மென்னீர். நாம் குடிக்கத் தயங்கும் ஆழ்குழாய்க் கிணற்றுக் கடின நீரே கப்பிக்கு இனியது! குழாய் நீராயின், அதில் கலந்துள்ள குளோரின் நீங்கும்படி ஒருநாள் திறந்துவைத்த பின்னரே தொட்டியில் ஊற்றுதல் வேண்டும்.

பறவை தழுவியும், மீன் நோக்கியும், ஆமை நினைந்தும் தம் முட்டைகளைக் குஞ்சாக்கும் என்று சைவ நூலார் குருவின் அருளுக்கு உவமை கூறுவர். உவமை இனிது. கப்பியின் இயல்போ வேறு. தாய்மீனே தான் ஈன்ற குஞ்சுகளை இரையெனக் கருதி விழுங்கிவிடும். ஆதலின் வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளைத் தொட்டியில் அடர்த்தியாக இடுதல் வேண்டும். குஞ்சுகள் அவற்றினிடையே ஒளிந்து பிழைக்கும். அவித்த முட்டையின் மஞ்சட்கருவைப் பொடித்துச் சிறிதளவே தருதல் வேண்டும். மிகுந்தால் நீர் கெடும்.

எங்கள் வீட்டுத் தொட்டியில் மூன்று இணைகள் சில மாதங்களில் இருநூறாகப் பெருகின. என் மகள்வயிற்றுப் பேரன் ஒரு வாளியை எடுத்து வந்து, "அப்பச்சி, இவற்றைச் சிங்காநல்லூர்க் குளத்தில் விட்டுவிடலாமா? ஊரில் கொசுவும் ஒழியுமே!" என்றான். அவன் எண்ணம் நல்லதே. ஆயினும் நான் உடன்படவில்லை.

"நம் குளங்கள் வாய்க்கால்களால் பிணைந்தவை. இங்கு விட்ட மீன் நொய்யலை அடையும். நொய்யலோ காவிரியில் கலக்கிறது. கப்பியும் கம்பூசியாவும் கொசுப் புழுவோடு நில்லா; நாட்டு மீன்களின் முட்டையையும் இளங்குஞ்சையும் உண்ணும். தலையில் வெண்புள்ளி மின்னும் நம் நாட்டுச் சிறுமீனும் கொசுப் புழுவைத் தின்பதே. அதன் வாழ்விடத்தை நாம் பறிக்கலாமா?" என்றேன்.

அவன் வாளியைக் கீழே வைத்தான். ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு தொட்டிகளில் பிரித்தோம். ஒருமுறை இணைசேர்ந்த பெண்மீன், ஆண் இல்லாமலே பின்னும் சில மாதங்கள் ஈனும். ஆதலின் பெருக்கம் உடனே நிற்கவில்லை. மிகுந்தவற்றை, வளர்க்க விரும்பிய அவன் தோழர்களுக்கும் வண்ணமீன் கடைக்கும் கொடுத்தோம்.

மாணவர்களே! ஓர் உயிரை வளர்க்கத் தொடங்குவோர் அதன் அழகுக்கு மட்டும் உரியவர் அல்லர். அதன் பெருக்கத்திற்கும் பொறுப்புடையவர். தொட்டிக்குள் இருக்கும் உயிரிடத்துக் காட்டும் அன்பு, தொட்டிக்கு வெளியே வாழும் உயிர்களுக்குத் தீங்கு செய்யாதிருத்தலே அருளுடைமையாகும்.