ஒரு மழை பார்த்துட்டுக் கட்டுவோம்

திருவண்ணாமலை என்றதும் கிரிவலம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள். புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் அள்ளும். அந்தக் குன்று தெரிகிற தூரத்தில் ஐந்து சென்ட் மனை வாங்கிப் போட்டிருந்தார் அவர். ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில், நூலின் உறுதியைச் சோதிக்கும் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

பி.எஃப். பணம் வந்ததும் வீட்டுப் பேச்சு ஆரம்பித்தது. மகள் கட்டடக் கலை படித்தவள். புதுச்சேரி பக்கம் ஆரோவில்லில் மண் கட்டுமானப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தாள்.

"அப்பா, அழுத்தின மண் கல்லுல கட்டுவோம்."

சலித்த மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, மெஷினில் அழுத்தி எடுக்கிற கல் அது. நாலு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்தால் இறுகிவிடும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம்.

கொத்தனார் சிரித்தார். "விருதுநகர் பக்கம் சிமெண்ட் ஆலையைத் தொடங்கினதே நம்ம ராஜபாளையத்துக்காரங்கதான். நீங்க மண்ணைக் குழைக்கப் போறீகளாக்கும் அண்ணாச்சி?"

மனைவி சிரிக்கவில்லை. அவருக்குப் பத்து வயதில், ஒரு ஐப்பசி மழையில், பிறந்த வீட்டு மண் சுவர் ராத்திரியோடு சரிந்தது. அதற்குச் சற்று முன்புதான் தம்பி ஒழுக்கு தாங்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து படுத்திருந்தான். "அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குங்க. இருக்கிற பணமே இதுதான். இதை மண்ணுல போடணுமா?"

மகள் விடவில்லை. "2014-ல சென்னை மவுலிவாக்கத்துல இடிஞ்சதே, அந்தப் பதினோரு மாடி கம்பியும் சிமெண்டும்தானேம்மா? 61 பேர் செத்துப்போனாங்க."

அவருக்கு இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. பழகிய முறை என்பதாலேயே காப்பு வந்துவிடாது. புது முறை என்பதாலேயே ஆபத்தும் வந்துவிடாது. மில்லில் எந்த நூலையும் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று அனுப்பியதில்லை. இழுத்து, அறுத்துப் பார்த்த பிறகே லாரி ஏறும்.

பழைய டைரியில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்தார். கெட்டுப்போனால் சரிசெய்யக் கூடியவை ஒரு பக்கம், கூடாதவை மறுபக்கம். சுவரின் வெளிமுகம் கரைந்தால் பூசிக்கொள்ளலாம். கூரை விழுந்தால்?

கூரையையும் கம்பியில்லாமல், மண் கல்லாலேயே வளைவாகக் கட்ட ஆசைப்பட்டாள் மகள். வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது. பக்கத்துச் சுவர்களை வெளியே தள்ளும். கணக்கும் கையும் தவறாத ஆள் வேண்டும். "ஒரு விரிசல் விட்டா, இங்க யாரைக் கூப்பிடுவ?" என்று கேட்டார். மகளிடம் பதில் இல்லை. கூரை கான்கிரீட் என்று முடிவானது.

சுவருக்கு மண்ணைச் சோதித்தார்கள். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுத்து, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தார்கள். மணல் உடனே அடியில் உட்கார்ந்தது; வண்டலும் களியும் அதன் மேல் மெல்லப் படிந்தன. மணல்தான் பாதிக்கு மேல். கரிசலாக இருந்திருந்தால் அன்றே பேச்சு முடிந்திருக்கும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கிற மண் அது.

வாடகை மெஷினில் நூறு கல் அடித்தார்கள். நாலு வாரம் கழித்து, சிலவற்றை ஒரு பகல் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டார்கள். பல கற்கள் அப்படியே இருந்தன. சிலவற்றின் மூலை உதிர்ந்தது. சாக்கு மூடாமல் வெயிலில் காய்ந்த கற்கள் அவை. கொத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றிலிருந்து கற்களுக்குத் தண்ணீர் தெளிப்பதை அவர் யாரிடமும் விடவில்லை.

மேலும் சில கற்களை ஒரு பொறியியல் கல்லூரிக்குக் கொடுத்து, காய்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் நசுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். காய்ந்த கல்லின் பலத்தை மட்டும் நம்பக் கூடாது. மழையில் நிற்கப்போவது நனைந்த சுவர்தானே. ஒற்றை மாடிக்குப் போதும் என்று பதில் வந்தது.

அப்போதும் மனைவிக்கு மனசு ஆறவில்லை. "ஒரு மழை பார்த்துட்டுக் கட்டுவோம்" என்றார் அவர்.

மனையில் நாலடி உயரத்துக்கு இரண்டு துண்டுச் சுவர்கள் எழும்பின. ஒன்று தரையிலிருந்தே; மற்றது இரண்டடிக் கருங்கல் கட்டின் மேல். இரண்டுக்கும் பூச்சு இல்லை. மேலே மட்டும் தகரம்.

ஐப்பசி வந்தது. மழை விட்ட ஒவ்வொரு காலையிலும் குடையோடு மனைக்குப் போய் வந்தவர் மனைவிதான். தரையில் நின்ற சுவரின் அடி வரிசைகளை, விழுந்து தெறித்த தண்ணீர் அரித்திருந்தது. கருங்கல் மேல் நின்ற சுவர் நனைந்தது, காய்ந்தது, நின்றது.

கார்த்திகையில் அவரே சொன்னார்: "சுவர் மண்ணாவே இருக்கட்டும். அடியில கருங்கல், மேல ரெண்டடி வெளியே நீட்டின தளம். அதுல ஒரு அங்குலம் குறையக் கூடாது."

கருங்கல்லும் நீட்டிய தளமும் சேர்ந்ததில், மிச்சமாகும் என்று நினைத்த பணம் பெரும்பாலும் கரைந்தது. மகளுக்கு வளைவுக் கூரை போனதில் வருத்தம். ஆனால் அந்த வீட்டில் படுக்கப்போகிற மூன்று பேருக்கும், எதை நம்பிப் படுக்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

தை பிறந்ததும் வானம் தோண்ட வந்த கொத்தனார், முதல் வேலையாக அரித்த சுவரை இடிக்கப் போனார்.

"அது கிடக்கட்டும்" என்று தடுத்தார் மனைவி. "அடுத்த மழையையும் பார்க்கட்டும்."