பூநாரை எங்கே போச்சு?

மரக்காணம் உப்பளத்தில் வேலை முடிந்து அப்பா வீடு திரும்பியபோது, அவள் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை ஆரோவில் அலுவலகத்தில் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். கழுவெளி ஏரிக்கும் அதைச் சுற்றியுள்ள உப்பளங்களுக்கும் எந்த ஆண்டு என்னென்ன பறவைகள் வந்தன என்ற கணக்கு அது.

கழுவெளி, கடல்நீரும் மழைநீரும் கலக்கும் உவர்நீர் ஏரி. 2021-ல் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. இங்கே எந்தப் பறவை வருகிறது, எது வருவதில்லை என்று எழுதினால் அதற்கு ஒரு கனம் உண்டு.

கணக்குக்கு அவள் எடுத்தது இ-பேர்ட் தரவு. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இந்தத் தளத்தில், பறவை பார்ப்பவர்கள் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். ஓரிடத்தில், ஒரு நேரத்தில் பார்த்த ஒவ்வொரு பறவை இனமும் ஒரு வரிசை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுடன் உப்பளத்துக்குப் போய் அவளும் பதிவு செய்திருக்கிறாள்.

எட்டிப் பார்த்த அப்பா கேட்டார். "போன மாசியில பூநாரை பார்த்தோமே, அது எங்கம்மா?"

"இதுல இல்லப்பா."

"கம்ப்யூட்டர்ல இல்லன்னா, வரலைன்னு எழுதிடுவியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. எக்செல்லில் கடைசி வரிசைக்குப் போய்ப் பார்த்தாள். அதன் எண் 10,48,576.

அலுவலகத்து அண்ணாவுக்கு போன் போட்டாள். எண்ணைக் கேட்டதுமே அவர் சிரித்துவிட்டார்.

"அது எக்செல்லோட எல்லைம்மா. 2-ஐ 20 தடவை பெருக்கினா வர்ற எண். அதுக்கு மேல ஒரு வரிசைகூட அதுல நிக்காது. திறக்கும்போது 'முழுசா ஏறலை'ன்னு ஒரு எச்சரிக்கை வந்திருக்குமே?"

வந்திருந்தது. அவசரத்தில் 'ஓகே' அழுத்திவிட்டு, அப்படியே சேமித்தும் விட்டாள். அந்தச் சேமித்த கோப்பை இனி யார் திறந்தாலும் எச்சரிக்கை வராது. அறுபட்டது என்பதே தெரியாது.

நல்லவேளை, முதலில் இறக்கிய மூலக்கோப்பை அவள் அழிக்கவில்லை.

"அதைத் திறக்கவே திறக்காதே. கேள்வி மட்டும் கேள்" என்றார் அண்ணா.

விஷயம் இதுதான். எக்செல் மொத்தக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றி, கட்டம் கட்டமாக நம் கண்முன் விரிக்கப் பார்க்கும். பெரிய கோப்புகளுக்கான கருவிகள் அப்படிச் செய்வதில்லை. 1977-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த 'ஆக்' ஒரு வரியைப் படிக்கும், தேவையென்றால் எடுத்துவைக்கும், அடுத்த வரிக்குப் போய்விடும். கோப்பு எத்தனை பெரிதானாலும் அதன் கையில் இருப்பது ஒரு வரிதான். 2019-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான 'டக்-டிபி'யோ, கேட்ட கேள்விக்குக் கணினியின் எல்லா மூளைகளையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கிப் பதில் தரும். இரண்டும் இலவசம்.

அண்ணா சொல்லச் சொல்ல டக்-டிபியை நிறுவினாள். முதல் கேள்வி: மொத்தம் எத்தனை வரிசை? எக்செல் காட்டியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. அடுத்த கேள்வி: இந்த மாவட்டத்தில், பூநாரை, ஆண்டு வாரியாக? சில நொடிகளில் பதில். அப்பாவோடு பார்த்த அந்த மாசி மாதத்துப் பூநாரைகளும் அதில் இருந்தன.

அவளைப்போலச் சிக்கியவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் இதேதான் நடந்தது. ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அதன் எல்லை வெறும் 65,536 வரிசை. 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் அதனால் தாமதமானது. அங்கே விடுபட்டவை மனித உயிர்கள் சம்பந்தப்பட்ட வரிசைகள்.

எக்செல்லைக் குறை சொல்வதற்கில்லை. மாதச் சம்பளக் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் அதைவிட வசதி வேறில்லை. படியில் அளக்க வேண்டியதும், லாரியில் ஏற்ற வேண்டியதும் வேறு வேறு என்பது உப்பளத்துக்காரர் வீட்டில் தெரியாததா?

இரவு பதினோரு மணிக்கு அறிக்கையைத் திருத்தி முடித்தாள். அப்பா பாயில் படுத்திருந்தார், தூங்கவில்லை.

"இருந்துதாம்மா?"

"இருந்துதுப்பா."

இப்போதெல்லாம் எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் மூலக்கோப்பின் வரிசைகளை எண்ணி ஒரு தாளில் எழுதிவைக்கிறாள். வேலை முடிந்ததும் மறுபடி எண்ணுகிறாள். இரண்டும் பொருந்தினால்தான் 'வரவில்லை' என்ற சொல்லை எழுதுகிறாள்.