சாமி என்ற வசை

பேரனுக்குச் சோறு ஊட்டும்போது, "வா சாமி, இன்னும் ஒரே வாய்!" என்பேன். அந்தச் சொல்லில் கொஞ்சலும் உண்டு, கும்பிடும் உண்டு.

1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்த வேலைக்குப் போனார்கள் அல்லவா, நம்மவர்கள்? முனுசாமி, ராமசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் அவர்களை 'சாமி' என்றார்கள். அங்கே அது வசை!

'கூலி'யும் அப்படித்தான். நமக்கு அது உழைத்த காசு. அங்கே மனிதருக்கே பட்டம். 1893-ல் போன காந்திஜிகூடக் 'கூலி பாரிஸ்டர்' ஆனார்.

சாமி என்றால் எஜமான் என்று சிலர் வெள்ளைக்காரரை மடக்கினார்களாம். காந்திஜியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அர்த்தம் உசத்திதான், கூப்பிட்ட குரலில் மரியாதை இல்லையே!

நம் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை நாம் எந்தக் குரலில் கூப்பிடுகிறோம்? கொஞ்சம் காது கொடுத்துக் கேட்போமா, சகோதரிகளே?