பென்டில் ஹில் வீதிகளும் ஒரு கைமணிக்கூடும்

சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற பென்டில் ஹில்லை உங்களில் பலருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஸ்டேசனை விட்டு வெளியே வந்தால் முருங்கைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் அடுக்கின கடைகள், கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம், ஒரு ரீயோடு ஊர்க்கதை கதைக்கிற மாமாமார். சனிக்கிழமை எண்டால் கார் நிற்பாட்ட இடம் கிடைக்காது. சாமான் வாங்க வருகிறோம், சாப்பிட வருகிறோம். ஆனால் இந்த ஊரை ஓடிப் பார்த்த எங்கட ஆக்கள் குறைவு.

நான் ஓடத் தொடங்கி நாலு வருசம். வயது 36, இரண்டு பிள்ளைகள், நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருக்கிற மென்பொருள் வேலை. அப்பாவுக்கு 54 வயதில் பைபாஸ் செய்தார்கள். தெற்காசியர்களுக்கு இதய நோயும் நீரிழிவும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது என்பது மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிற விசயம். எனக்கும் 54 வரத்தானே போகிறது. அதுக்கு முன் எத்தனை வருசம் இருக்கு எண்டு கணக்குப் பார்த்துத்தான் சப்பாத்தைப் போட்டேன்.

ஊரின் பெயர் இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஒரு மலையின் பெயர். அந்தப் பென்டில் ஹில் 557 மீற்றர் உயரம். லங்காஷயர் பருத்தி ஆலைகளுக்குப் பெயர்போன இடம். இங்கேயும் 1920களில் போண்ட்ஸ் கம்பனி ஒரு பருத்தி ஆலையைத் தொடங்கியது. எங்கட பிள்ளைகள் போடுகிற போண்ட்ஸ் உள்ளாடைகளின் கதையில் இந்த ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. மலை எண்டு சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் தட்டையான ஊரும் இல்லை. காரில் போகும்போது தெரியாத ஏற்றமெல்லாம் ஓடும்போது தொடைக்குத் தெரியும்.

எனக்கு மூன்று வழிகள் இருக்கு. முதலாவது வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ஐந்து கிலோமீற்றர். பிள்ளைகள் எழும்ப முன் முடிக்கலாம். இரண்டாவது கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயையும் எம்4 நெடுஞ்சாலையையும் தாண்டித் தெற்கே கிரேஸ்டேன்ஸ் பக்கம் போனால் வருகிற பழைய புரொஸ்பெக்ட் கால்வாய்ப் பாதை. 1888 இல் கட்டி முடித்த புரொஸ்பெக்ட் நீர்த்தேக்கத்திலிருந்து கில்ஃபோர்ட் வரைக்கும் சிட்னியின் குடிதண்ணீர் இந்தக் கால்வாயில்தான் போனது. பம்ப் இல்லாமல், இறக்கத்தில் தானாகப் போன தண்ணீர். 1990களில் கால்வாயை மூடிவிட்டார்கள். இப்போது அது நடக்கவும் சைக்கிள் ஓடவுமான பாதை. தண்ணீருக்காக வெட்டின வழி என்பதால் பெரும்பாலும் மட்டம். நீண்ட தூரம் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது. மூன்றாவது பரமட்டா பார்க். சனிக்கிழமை காலையில் அங்கே பார்க்ரன் நடக்கும்.

பழைய மணிக்கூட்டை மாற்ற வேண்டி வந்த காரணம் சின்னது. அதன் பற்றரி கிழண்டிவிட்டது. போன வருசம் 21.1 கிலோமீற்றர் ஓட்டத்தில் 16 ஆவது கிலோமீற்றரில் அணைந்துபோனது. மிச்சத்தை மூச்சை எண்ணி ஓடி முடித்தேன். அடுத்த இலக்கு 42.195 கிலோமீற்றர். சிட்னி மரதன் 2025 இலிருந்து உலகின் பெரிய மரதன்கள் என்ற வரிசையில் சேர்ந்துவிட்டது. வடக்கு சிட்னியில் தொடங்கி, ஹார்பர் பாலத்தைத் தாண்டி, ஒபெரா ஹவுஸில் முடியும். எனக்கு அதுக்கு ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். அவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிற ஒரு மணிக்கூடு வேண்டும்.

கடைக்குப் போனால் தலை சுற்றும். முந்நூறு டொலர் அளவில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது. எதுக்கு அந்த வித்தியாசம் எண்டு விளங்கவேண்டும் என்றால் முதலில் இது எப்படி வேலை செய்கிறது எண்டு பார்க்கவேண்டும்.

ஜிபிஎஸ் சற்றலைட்டுகள் எங்கள் தலைக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடம் இப்போது என்ன நேரம் எண்டு வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த அலை கைக்கு வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து மணிக்கூடு தூரத்தைக் கணக்குப் போடும். குறைந்தது நாலு சற்றலைட் தெரிந்தால் நாங்கள் நிற்கிற இடம் கிடைத்துவிடும். ஒளி ஒரு நனோசெக்கனில் 30 சென்ரிமீற்றர் போகும். அதாவது நேரத்தில் நூறு நனோசெக்கன் பிழைத்தால் தூரத்தில் 30 மீற்றர் பிழைக்கும்.

உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அலை சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றி வரும். மணிக்கூடு அதை நேராக வந்தது எண்டு நம்பும். அதனால்தான் நகர மையத்தில் ஓடினவர்களின் வரைபடம் தெருவை விட்டுக் கட்டடங்களுக்குள் புகுந்து வரும். சில மணிக்கூடுகள் இரண்டு அலைவரிசைகளில் கேட்டு இந்தத் தெறிப்பைப் பிரித்தறியும். கார்மின் போரன்னர் 265 இலும் கோரோஸ் பேஸ் 3 இலும் அந்த வசதி உண்டு. போரன்னர் 165 இல் இல்லை.

இப்போது பென்டில் ஹில்லைப் பாருங்கள். ஒருமாடி, இருமாடி வீடுகள், அகலமான வீதி, திறந்த வானம். கால்வாய்ப் பாதை இன்னும் வெளி. ரெயில் பாலத்துக்குக் கீழேயும் எம்4 க்குக் கீழேயும் சில செக்கன் அலை அறுபடும், அவ்வளவுதான். என் ஓட்டத்தில் பத்தில் ஒன்பது இங்கேதான். இரட்டை அலைவரிசை எனக்கு வருசத்தில் ஒரு நாள் மட்டும் உதவும். அந்த ஒரு நாள் தூரத்தை மரதன் நடத்துகிறவர்களே அளந்து வைத்திருப்பார்கள். கணக்குப் போடுகிற சைக்கிளில், ஆகக் குறுகிய கோட்டில் அளந்து, தவறியும் குறைந்துவிடக் கூடாது எண்டு ஆயிரத்துக்கு ஒன்று கூட்டியும் வைப்பார்கள். வளைவுகளில் அந்தக் குறுகிய கோட்டிலேயே எவராலும் ஓட முடியாது. அதனால் உங்கள் கையில் 42.5 எண்டு காட்டினால் மணிக்கூட்டைத் திட்டவேண்டாம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சுவையான விசயம். அவுஸ்திரேலியக் கண்டம் வருசத்துக்கு ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் வடகிழக்காக நகர்கிறது. 1994 ஆம் ஆண்டு நிலையை வைத்துப் போட்ட வரைபட அளவுகளை 2020 நிலைக்கு மாற்றினபோது முழு நாட்டையும் 1.8 மீற்றர் அளவில் தள்ள வேண்டி வந்தது. என் மகளுக்கு இதைச் சொன்னேன். "அப்ப நாங்கள் நித்திரை கொள்ளேக்கயும் ஓடுறமா அப்பா?" எண்டு கேட்டாள்.

மற்றத் தேவைகளை ஒரு தாளில் எழுதினேன். பற்றரி முதலாவது. போரன்னர் 165 ஜிபிஎஸ்ஸோடு 19 மணித்தியாலம் தாங்கும் எண்டு கம்பனி சொல்கிறது. கோரோஸ் பேஸ் 3 க்கு 38. ஐந்து மணித்தியால மரதனுக்கு இரண்டுமே தாராளம். இரண்டாவது பொத்தான். மேற்கு சிட்னியின் கோடை உங்களுக்குத் தெரியும். 2020 ஜனவரி 4 ஆம் திகதி பென்ரித்தில் 48.9 பாகை. விடிய ஓடினாலும் வேர்வை வழியும். வேர்த்த விரலுக்குத் தொடுதிரை கேட்காது. நிற்பாட்டவும் தொடங்கவும் அமுக்குகிற பொத்தான் கட்டாயம் வேண்டும். மூன்றாவது பாரம். போரன்னர் 165, 39 கிராம். பேஸ் 3 நைலோன் பட்டியோடு 30 கிராம். மெலிந்த மணிக்கட்டுள்ள எங்கட பெண்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. மணிக்கூடு ஆடினால் இதயத்துடிப்பு அளவும் பிழைக்கும்.

அந்த இதயத்துடிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். மணிக்கூட்டின் அடியில் மின்னுகிற பச்சை ஒளி தோலுக்குள் போய், இரத்தம் வந்து போவதற்கு ஏற்ப மாறித் திரும்பும். அதை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. தளர்வாகக் கட்டினாலோ, குளிரில் கை விறைத்தாலோ, காலடி எண்ணிக்கையைத் துடிப்பாக எண்ணிவிடும். எலும்பு மூட்டுக்கு ஒரு விரல் மேலே, இறுக்கிக் கட்டுங்கள். சரியான கணக்கு வேண்டுமென்றால் நெஞ்சில் கட்டுகிற பட்டியே நல்லது. எதுவானாலும் இது வைத்தியர் இல்லை. குடும்பத்தில் இதய நோய் இருந்தால் மணிக்கூடு வாங்க முன்னம் ஜிபியிடம் போய்க் காட்டுங்கள்.

இவ்வளவும் எழுதி வைத்தபிறகு அப்பா ஒரு கேள்வி கேட்டார். அது எந்தக் கடையிலும் எழுதி வைத்திருக்காத கேள்வி.

"இது நீ எங்க போறாய் எண்டு ஆருக்குச் சொல்லும்?"

அப்பா 1987 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர். எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய் எண்டு காவலரணில் கேட்ட காலத்தில் இளைஞனாக இருந்தவர். தான் நிற்கிற இடத்தை ஒரு சாமான் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் என்பதை அவரால் லேசாக எடுக்க முடியவில்லை. முதலில் "அது ஒண்டும் இல்லை அப்பா" எண்டு சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் என் தொழில் அதுதானே. அவர் பிழையாகக் கேட்கவில்லை எண்டு எனக்குத் தெரியும்.

2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற 20 வயது அவுஸ்திரேலிய மாணவன், ஸ்ட்ராவா செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில், பாலைவனங்களின் நடுவே ஒளிர்ந்த கோடுகள் இராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுக்கின்றன எண்டு சுட்டிக்காட்டினார். சிப்பாய்கள் மணிக்கூட்டோடு ஓடினதுதான் காரணம். எவரும் எதையும் திருடவில்லை. ஓடினவர்கள் தாங்களாகவே பதிந்த தூரங்கள் அவை. முகாமுக்கே அந்த நிலை என்றால், தினமும் விடிய ஒரே வாசலில் தொடங்கி ஒரே வாசலில் முடிகிற என் ஓட்டம் என் வீட்டு இலக்கத்தைச் சொல்லாமலா இருக்கும்?

இதே கேள்விக்கு என் மனைவியின் பதில் நேர்மாறு. அவவும் ஓடுகிறவ. குளிர்காலத்தில் ஆறு மணிக்கு இருட்டில், கால்வாய்ப் பாதையில் தனியே. "நான் எங்க நிக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரிய வேணும். தெரியாட்டி நான் ஓட மாட்டன்." விழுந்தால் வீட்டுக்குச் செய்தி அனுப்புகிற வசதியும், ஓடும்போது இடத்தைக் காட்டுகிற வசதியும் அவவுக்கு முதல் தேவை. இந்த மணிக்கூடுகளில் அதுக்குப் போனும் கூடவே போகவேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

ஒரே வசதி. அப்பாவுக்கு அது பயம், மனைவிக்கு அது தைரியம். இரண்டும் சரி. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் நாங்கள் மூவரும் இருந்து போனில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஸ்ட்ராவாவில் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைத்தோம். ஓட்டங்களை எங்களைப் பின்தொடரச் சம்மதித்தவர்கள் மட்டும் பார்க்க வைத்தோம். அந்த உலக வரைபடத்துக்கு எங்கள் ஓட்டங்களைக் கொடுப்பதை நிறுத்தினோம். நேரடியாக இடம் காட்டுவது எனக்கும் மனைவிக்கும் மட்டும். அப்பா கடைசியில் கேட்டார், "அப்ப எனக்கும் காட்டு. பிள்ளை வர நேரம் செண்டால் நான் பாக்கலாம்." மூன்றாவது பெயராக அவரையும் சேர்த்தோம்.

முடிவில் வாங்கினது போரன்னர் 165 இரண்டு. இரண்டு பேருக்கும் ஒன்றை வாங்கி மாறி மாறிக் கட்டலாமோ எண்டும் யோசித்தோம். அது சரிவராது. துடிப்பும் நித்திரையும் பயிற்சியும் ஒருவருக்குத்தான் கணக்கு. ஒரு 265 வாங்குகிற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் இரண்டு 165 வந்தது. மலைப்பாதையில் நாள் முழுக்க ஓடுகிறவர் என்றாலோ, நகர மையத்தில் தினமும் ஓடுகிறவர் என்றாலோ என் முடிவு உங்களுக்குப் பொருந்தாது. இங்கேயே கடையில் வாங்கினோம். வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைக்கலாம்தான். ஆனால் பழுதானால் அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் உரிமைகளோடு நேரே கடையில் போய் நிற்கிறது லேசு.

இன்னும் ஓடத் தொடங்காதவர்களுக்கு ஒரு சொல். உடனே மணிக்கூடு வாங்காதேயுங்கள். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பரமட்டா பார்க்குக்கு வாருங்கள். பார்க்ரன் 5 கிலோமீற்றர், காசு இல்லை, நடந்தும் முடிக்கலாம். நேரத்தைத் தொண்டர்களே எடுத்து அனுப்புவார்கள். பத்துச் சனிக்கிழமை வந்தபிறகும் ஆசை இருந்தால், கைக்கு என்ன வேண்டும் எண்டு கால் சொல்லும். வாங்கின அன்றே, கையில் கட்ட முன்னம், யாருக்கு என்ன தெரியவேண்டும் எண்டு வீட்டில் எல்லோரும் இருந்து ஒருக்கால் கதையுங்கள்.