இரண்டு கமராக்களும் ஒரு கட்டு ஏடும்

‘நடுத்தரம்’ என்னும் சொல்லைக் கேட்டதும் விலையும் நடுத்தரமாகவே இருக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. கமரா உலகில் இந்த நம்பிக்கை பலிப்பதில்லை. ‘நடுத்தரப் பருமன்’ என்று வழங்கும் கமராக்களே தனி மனிதர் ஒருவர் வாங்கத் துணியக்கூடியவற்றுள் மிகப் பெரியவை, விலையிலும் அவ்வாறே. பிலிம் சுருள் காலத்தில், 35 மில்லிமீற்றர்ச் சுருளைச் சிறியது என்றும், அங்குலக் கணக்கில் நறுக்கிய பெரிய தகட்டுப் பிலிமைப் பெரியது என்றும் கொண்டு, இடையில் நின்ற அகலச் சுருளுக்கு இப்பெயரை இட்டனர். சுருள் போயிற்று, பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் நிலைத்ததேயன்றிப் பருமன் நிலைக்கவில்லை என்பதையும் மாணாக்கர் அறிதல் நன்று. பழைய சதுரப் படம் உண்மையில் 56 மில்லிமீற்றர் நீளமும் அத்துணை அகலமும் உடையது. இன்றைய நடுத்தரக் கமராக்களுட் பெரும்பாலானவற்றில், பிலிமின் இடத்தில் அமர்ந்திருக்கும் ஒளியுணர் தகடோ 43.8 மில்லிமீற்றர் நீளமும் 32.9 மில்லிமீற்றர் அகலமுமே கொண்டது. பரப்பைப் பெருக்கிப் பார்ப்போர் பழையதிற் பாதியும் இல்லை என்று காண்பர். எனினும் கலியாண வீடுகளிற் காணும் நல்ல கமராக்களின் தகட்டோடு, அதாவது 36க்கு 24 மில்லிமீற்றரோடு, ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்கு அதிகம். டென்மார்க்கின் பேஸ் வண் நிறுவனம் 53.4க்கு 40 மில்லிமீற்றர்த் தகடு பொருத்தியும் கமரா செய்துள்ளது. அது நம்போன்றோர் கனவிற் காணவும் கட்டுப்படியாகாது. ஆதலால் அதனை இங்கே விட்டுவிடுவோம்.

இவ்வாராய்ச்சியில் நாம் இறங்கியது வெறும் ஆசையினால் அன்று. வடமராட்சியில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தினரிடம் பரம்பரையாய் வந்த வைத்திய ஏடுகள் ஒரு பெட்டகம் நிறைய உண்டு. ஓரங்கள் உதிரத் தொடங்கிவிட்டன. சிலவற்றிற் பூச்சி துளையிட்டு எழுத்தைத் தின்றுள்ளது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. பிரதி எடுக்கப்படாத சுவடி அழிந்தால் அழிந்ததுதான் என்பதை நம்மவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தார் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு தொகையை ஒதுக்கி, எந்தக் கமராவை வாங்குவது என்று நம்மைக் கேட்டனர். தொழில் செய்யும் அன்பர் இருவரிடம் இரவல் வாங்கி, இரண்டு கமராக்களை மூன்று கிழமை அருகருகே வைத்துப் பழகினோம். ஒன்று சுவீடன் நாட்டு ஹாசல்பிளாட்டின் எக்ஸ்2டி, 2022இல் வெளிவந்தது. மற்றையது யப்பானிய பூஜிபிலிமின் ஜிஎப்எக்ஸ் 100எஸ், 2021இல் வெளிவந்தது.

இவ்விரு வீட்டாரும் பகைவர் அல்லர், பங்காளிகள். 1998இல் ஹாசல்பிளாட் பெயரில் வந்த எக்ஸ்பான் என்னும் அகலப்படக் கமரா இருவரும் கூடிச் செய்தது. 2002இல் வந்த எச்1 கமராவுக்கு வில்லை கடைந்து கொடுத்ததும் பூஜியே. பின்னர் அடுப்பு வேறானது; இன்று ஒரே சந்தையில் எதிரெதிரே கடை விரித்திருக்கின்றனர்.

முதலில் ஒற்றுமையைச் சொல்லிவிடுவோம். தகட்டின் அளவு ஒன்றே. அதிலுள்ள படப்புள்ளிகளின் தொகையும் ஏறக்குறைய ஒன்றே: 10 கோடியே 20 இலட்சம். வில்லை பூட்டாமல் நிறுத்தால் இரண்டும் 900 கிராம் அளவில் நிற்கும். ஒரே வெளிச்சத்தில், ஒரே பொருளை எடுத்து, எது எதனுடையது என்று சொல்லாமல் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நிறத்தைப்பற்றி ஹாசல்பிளாட் அன்பர்கள் புராணம் பாடுவர். மனிதத் தோலின் நிறம் அதிற் சற்று அமைதியாக விழுகின்றது என்பதை நாமும் ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்த வேற்றுமைக்காகப் பெட்டகத்தைத் திறக்க மாட்டோம்.

வேற்றுமை எங்கே இருக்கிறது? ஷட்டர் எங்கே இருக்கிறதோ அங்கே.

பூஜியில் ஷட்டர் கமராவின் வயிற்றுக்குள், தகட்டின் முன்னே திரைச்சீலை போலத் தொங்குகிறது. ஹாசல்பிளாட்டில் அது வில்லைக்குள்ளே, இதழ் விரியும் பூப்போல அமைந்துள்ளது. இது அந்நிறுவனத்தின் பழைய வழி. 1948இல் விக்டர் ஹாசல்பிளாட் வெளியிட்ட முதற் கமராவிலும் திரைச்சீலைதான் இருந்தது. அது அடிக்கடி பழுதுபட்டமையால், 1957இல் வந்த 500சி கமராவில் ஷட்டரை வில்லைக்குள் கொண்டுபோயினர். அந்த வம்சத்தில் வந்த கமராவே 1969இல் அப்பொல்லோ 11இல் ஏறிச் சந்திரனுக்குச் சென்றது. திரும்பும்போது பாரம் குறைப்பதற்காகக் கமராவை அங்கேயே விட்டுப் பிலிம் பெட்டியை மாத்திரம் கொண்டுவந்தனர்.

திரைச்சீலை வேகமாக ஓடும்போது தகடு முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திராது. ஒரு கீற்று மாத்திரமே திறந்தபடி நகரும். ஆகவே பிளாஷ் வெளிச்சம் பாய்ச்சும்போது, பூஜியில் ஒரு விநாடியின் 125இல் ஒரு பங்கைவிட விரைவாகச் செல்ல இயலாது. அதற்கு மேற் செல்ல உபாயங்கள் உண்டு; ஆனால் பிளாஷின் வலு குன்றும். இதழ் ஷட்டரோ எந்த வேகத்திலும் முழுதாக விரிந்து மூடுவதால், ஹாசல்பிளாட்டில் 2000இல் ஒரு பங்கிலும் பிளாஷ் முழு வலுவோடு பாயும்.

இதன் பயனை விறாந்தையிற் கண்டோம். வீட்டின் மூத்தவரான பெரியம்மாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. பெட்டகத்தின் சாவி இன்றும் அவர் முந்தானையில்தான். “தம்பி, படம் எடுத்து முடியத் திறப்பையும் கொண்டுபோகப் போறியளோ?” என்று நகைத்தவரை, நண்பகலில், வெள்ளை மணல் முற்றத்துக்கு முன் இருத்திப் படம் பிடித்தோம். ஹாசல்பிளாட்டில் 90 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டி, அதன் துவாரத்தை எப் 2.5இல் முழுதாகத் திறந்து, சிறிய பிளாஷை அருகே பிடித்தோம். முற்றம் மங்கிப் பின்வாங்க, முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாய் நின்றது. பூஜியில் அதையே செய்ய முனைந்தபோது, வேகத்துக்கு வரம்பு இருந்தமையால் துவாரத்தைச் சுருக்க நேர்ந்தது. பின்னால் நின்ற கிணற்றுக்கட்டும் உடுப்புக் கொடியும் பெரியம்மாவுக்குச் சமமாகத் துலங்கின. வில்லையின் முன் கருங்கண்ணாடி மாட்டி அதனைத் திருத்தலாம். ஆயினும் கைவேலை கூடும்.

வில்லைகளைப்பற்றிக் கடைக்காரர் சொல்லும் ஒரு கதையையும் இங்கே சோதித்தல் தகும். பெரிய தகடு இருந்தால் பின்னணி தானே கரைந்து காவியம் போலாகும் என்பர். பூஜியின் பெயர்பெற்ற 110 மில்லிமீற்றர் எப் 2 வில்லை, சிறிய கமராவின் 87 மில்லிமீற்றர் எப் 1.6 வில்லைக்கு நிகர். சிறிய கமராக்களுக்கு 85 மில்லிமீற்றரில் எப் 1.4 வில்லையும், எப் 1.2 வில்லையும் கூடக் கிடைக்கின்றன. அவை இன்னும் அதிகமாகவே கரைக்கும். பெரிய தகட்டின் பெருமை கரைப்பதில் இல்லை. நுணுக்கத்தைத் தாங்குவதில் இருக்கிறது. அந்த 110 வில்லை ஒரு கிலோவுக்கு மேல் நிறையுடையது. ஹாசல்பிளாட்டின் 90 வில்லை 551 கிராம்தான். அரை நாள் கழுத்திற் சுமப்பவருக்கு இது சிறிய செய்தியன்று.

இனி ஏட்டுக்கு வருவோம். ஓலையின் நீளம் 40 சென்ரிமீற்றர் என்று கொள்க. அதனை ஒரே படத்தில் அடக்கினால், இவ்விரு கமராக்களிலும் ஓலையின் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 29 புள்ளிகள் கிட்டும். சாதாரணமான இரண்டு கோடியே நாற்பது இலட்சம் புள்ளிக் கமராவில் 15தான் கிட்டும். எழுத்தாணிக் கீறல் மயிரிழை போன்றது. மை தடவாத ஏடாயின், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, கீறலின் நிழலையே எழுத்தாக வாசிக்க வேண்டும். அங்கே 15க்கும் 29க்கும் உள்ள தூரம், ஒரு மருந்தின் அளவு தெரிவதற்கும் தெரியாமற் போவதற்கும் உள்ள தூரமாகும். புள்ளியும் துணைக்காலும் தெளியாத ஏட்டில் அளவை ஊகித்து மருந்து அரைப்பது உயிரோடு விளையாடுவதன்றோ?

இவ்வேலைக்கு உகந்தது மக்ரோ என்னும் அண்மை வில்லை. சாதாரண வில்லை அண்மையில் நடுவைத் தெளிவாக்கினால் ஓரத்தை நழுவ விடும். அண்மை வில்லை தட்டையான பொருளை ஓரம் வரை தட்டையாகவே காட்டுமாறு திருத்தப்பட்டது. இரு வீட்டாரும் 120 மில்லிமீற்றரில் ஒவ்வொன்று செய்துள்ளனர்: பூஜியினது எப் 4, ஹாசல்பிளாட்டினது எப் 3.5. பொருளின் அரைப்பங்கு அளவு வரை தகட்டில் விழுத்த இரண்டாலும் முடியும். எப் 8இல் வைத்து எடுத்தபோது இரண்டிலும் குறை காணமுடியவில்லை. எப் 16க்குப் போனால் இரண்டுமே மழுங்கும். அது வில்லையின் குற்றமன்று, சிறு துவாரத்தில் ஒளி வளைந்து சிதறும் இயற்கை.

பூஜி முந்தியது வேறோர் இடத்தில். தகட்டையே நூலிழையிலும் நுண்ணிய அளவுக்கு நகர்த்தி நகர்த்தி 16 படங்களை எடுத்து, பின்னர்க் கணினியில் ஒன்றாக்கி 40 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை அது ஆக்கித் தரும். ஹாசல்பிளாட் எக்ஸ்2டியில் இவ்வசதி இல்லை. ஆனால் பதினாறும் எடுத்து முடியும் வரை ஓலை அணுவும் அசையலாகாது. மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, மூச்சையும் அடக்கிக்கொண்டு நாம் நின்ற வைகாசி வெயிலை மறப்பதற்கில்லை. பூச்சி தின்ற இதழ்களுக்கு மாத்திரமே இதைக் கையாண்டோம். நல்ல இதழ்களுக்கு ஒரு படமே போதும்.

இன்னொரு வசதியும் பூஜிக்கு உண்டு. ஷட்டர் கமராவுக்குள் இருப்பதால், இணைப்பு வளையம் ஒன்றிருந்தால் எந்தக் காலத்து வில்லையையும் பூட்டலாம். அறுபது வருடத்துக்கு முந்திய ஹாசல்பிளாட் வில்லையொன்று, தன் சொந்த வீட்டுப் புதுக் கமராவிலும் பார்க்கப் பங்காளி வீட்டில் இலகுவாக வேலை செய்வதைப் பார்க்க வேடிக்கையாயிருந்தது. எக்ஸ்2டியில் அதைப் பூட்டினால் மின்னணு ஷட்டரையே நம்ப வேண்டும். அது வரிசை வரிசையாக மெல்ல வாசிப்பதால், அசையும் பொருள் கோணிப்போகும்.

விலையைச் சொல்லாமல் முடித்தால் குடும்பத் தலைவிகள் நம்மை மன்னியார். வெளிவந்தபோது அமெரிக்காவில் பூஜியின் விலை 5,999 டொலர். ஹாசல்பிளாட்டினது 8,199 டொலர். வில்லை தனி. நம் நாட்டுக்கு வந்துசேரும்போது தீர்வை வேறு. ஆளைப் படம் பிடிப்பதே தொழிலாயிருந்தால், கடன் பட்டாவது ஹாசல்பிளாட்டை வாங்குங்கள் என்று சொல்லியிருப்போம். பெட்டகம் நிறைய ஏடு காத்திருந்தமையால் பூஜியையும் 120 வில்லையையும் வாங்கச் சொன்னோம். முதலில் வில்லையைத் தெரிந்து, மிஞ்சிய பணத்துக்குப் பழகிய கமரா ஒன்றைத் தேடுமாறும் சொன்னோம்; அப்படியே ஒன்று கிடைத்தது.

பெரியம்மாவின் படம் இப்போது சட்டம் போட்டு முன்கூடத்தில் தொங்குகிறது. அது ஹாசல்பிளாட் எடுத்தது. ஏடுகளில் இதுவரை 11 கட்டுகள் படமாகி, ஒரு பிரதி யாழ்ப்பாணத்திலும் ஒரு பிரதி கடல் கடந்தும் இருக்கின்றன. மாட்டு வாகடம் என்று மேற்பலகையிற் கீறியிருக்கும் தடித்த கட்டொன்று இன்னும் அவிழ்க்கப்படவில்லை. ஈரத்தில் ஓலை ஒட்டிக்கொள்ளும் என்பதால் மாரி கழியட்டும் என்று வைத்திருக்கிறோம்.