மிகை

பத்து வருஷங்களுக்கு முன் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டோம். ஸினிமாவில் ஆகச் சிறந்த நடிப்பு ஐந்து, ஆக மோசமான நடிப்பு ஐந்து. பாளையங்கோட்டையில் ஒரு லாட்ஜ் அறை. இரவு பதினோரு மணி வரை வாக்குவாதம். எழுதியது நான். வங்கியில் சேர்ந்த புதிது. அங்கே கையெழுத்து அழகுக்கு வேலையில்லை என்று தெரிந்துவிட்டிருந்ததால் பட்டியலைச் சிரத்தையாக, நடுவில் கோடு போட்டு, இரண்டு பத்திகளாக எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு வரியை நான் அடிக்க வேண்டியிருக்கிறது. தனியாக உட்கார்ந்து அடித்துவிடலாம். ஆனால் அந்த வரியை நாலு பேர் முன்னால் வாதாடி ஜெயித்து எழுதினேன். அடிப்பதும் நாலு பேர் பார்க்க நடப்பதே நியாயம்.

சிறந்தவற்றில் முதல் இடம், டிரையரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) படத்தில் ஃபால்கனெட்டி. இரண்டாவது, ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) கிழவியாக வரும் சுனிபாலா தேவி. மூன்றாவது, பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர். நான்காவது இடத்துக்குச் சண்டை வந்து காலியாக விட்டோம். ஐந்தாவது, எங்களில் கவிதை எழுதுகிற நண்பரின் பிடிவாதத்தால், பிரெஸ்ஸோனின் ‘பல்தஸார்’ (1966) படத்தில் வரும் கழுதை. தன் படங்களில் நடிப்பவர்களை நடிகர்கள் என்று சொல்லவே மறுத்து ‘மாதிரிகள்’ என்று அழைத்தவர் பிரெஸ்ஸோன். அந்தக் கொள்கைக்கு முழுக்கக் கட்டுப்பட்ட ஒரே ஜீவன் அந்தக் கழுதைதான் என்பது நண்பர் வாதம். எங்களால் அதை மறுக்க முடியவில்லை.

மோசமானவை ஐந்தும் தமிழ்ப் படங்கள். இதில் இருந்த அநியாயம் அன்று யாருக்கும் உறைக்கவில்லை. பிற மொழிகளில் யாரோ பொறுக்கியெடுத்த நல்ல படங்கள் மட்டுமே எங்கள் கைக்கு வந்து சேர்ந்தன. தமிழில் எல்லாவற்றையும் பார்த்தோம். முதல் இடம், ‘பாசமலர்’ (1961) படத்தின் கடைசிக் காட்சியில் சிவாஜி கணேசன். பார்வை இழந்த அண்ணனும் தங்கையும் ஒன்றாக இறந்துபோகும் காட்சி. இரண்டாவது இடமும் அவருக்கே. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ஜாக்ஸன் துரையோடு வரி பற்றிய தர்க்கம். இந்த இரண்டாவதில் எனக்குச் சொந்த விவகாரம் ஒன்று உண்டு; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வாதம் எளிமையானது. யாரும் இப்படி அழுவதில்லை. யாரும் இப்படிப் பேசுவதில்லை. பி.ஏ.யில் ஆங்கிலம் படித்த புண்ணியத்தில் ஹாம்லெட் கைவசம் இருந்தான். நாடகம் தொடங்குமுன் நடிகர்களைக் கூப்பிட்டு வைத்து அளவு பற்றியும் இயற்கை பற்றியும் அவன் செய்யும் உபதேசத்தை எடுத்து விட்டேன். ஷேக்ஸ்பியரே நம் கட்சி என்று ஆனபின் எதிர்ப்பு எழவில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் தாளைக் காசாளர் அண்ணாச்சியிடம் காட்டினேன். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்த மனிதர். சிவாஜி படம் என்றால் வேலை நாள், விடுமுறை நாள் என்று பாராதவர்.

“தம்பி, எங்க ஆளு பேரக் காணுமே?”

“ரெண்டாவது பத்தியில பாருங்க அண்ணாச்சி.”

பார்த்தார். கோபிக்கவில்லை. “ஒங்க வீட்ல இன்னும் பெரிய சாவு விழல, அதான்” என்று சொல்லிவிட்டு மிச்சச் சோற்றைப் பிசைந்தார்.

அப்பா இறந்தது அதற்கு ஏழு வருஷம் கழித்து. விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். அம்மா அதுவரை சத்தம் காட்டாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். முதல் ஆளாக எதிர்வீட்டு ஆச்சி படியேறியதும் எழுந்தாள். இரண்டு கைகளையும் விரித்துப் போய் ஆச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குரல் எடுத்தாள். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அடுத்த அறைக்குக் கேட்காமல் பேசுகிறவள் அவள். இழுத்து, ஏற்றி, ஒவ்வொரு வாசகத்தையும் ஒரு விம்மலில் இறக்கி அழுதாள். மாரில் அடித்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தை நோக்கி ஒரு கையை நீட்டினாள். அந்தக் கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றது.

அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குள் ஒரு சொல் ஓடியது. ‘மிகை.’

இதை எழுதக் கூசுகிறது. அப்பா தரையில் கிடக்கிறார்; அம்மா அழுகிறாள்; நான் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தோடு நிற்கவில்லை. சற்றைக்கெல்லாம் அம்மா அழுகையை நடுவில் அறுத்துவிட்டு, எப்போதும் பேசுகிற குரலில், “எய்யா, பால் வந்துட்டா? வந்தவங்களுக்குக் காப்பி குடுக்கச் சொல்லு” என்றாள். நான் தலையாட்டுவதற்குள் இன்னொருத்தி படியேறினாள். அம்மா மறுபடி அதே உச்சத்துக்குப் போனாள். உணர்ச்சி உண்மையானால் இப்படி நிறுத்தித் தொடர முடியுமா என்று என் படிப்பு கேட்டது.

நான் அழவில்லை. வாசலில் நின்றேன். வந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தேன். நாற்காலி எடுத்துப் போட்டேன். கொட்டுக்காரர்களுக்குப் பணம் கொடுத்தேன். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, “படிச்ச புள்ளைல்லா, அழமாட்டான்” என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

துட்டி கேட்க வருகிறவர்கள் பதினாறாம் நாள் வரை வந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. ஐந்தாறு நாளில் ஒன்று பிடிபட்டது. அம்மா எல்லோரிடமும் ஒரே மாதிரி அழவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் வந்தால் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அப்பா அவனைப் பார்க்கப் போயிருப்பதாக அழுதாள். பெரியப்பாவை இழந்த பெரியம்மாவிடம் அண்ணன் தம்பி இருவரையும் சேர்த்து நிறுத்தி அழுதாள். கல்யாணமாகாத பெண் வந்தபோது குரலே எடுக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். ராகம் ஒன்றுதான், முறை தலைமுறையாக வந்தது, கை நீட்டுவதும் மாரடிப்பதும்கூட அவள் பாட்டியிடமிருந்து வந்தவையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் எதிரில் இருந்தவளின் முகத்தைப் பார்த்துத்தான் அழுதாள். நிறுத்தி, காப்பி சொல்லி, தொடர்ந்ததும் இதனால்தான் என்று புரிந்தது. அந்த அழுகை அவளுக்குள் தானாகப் பொங்கி வழிந்தது அல்ல. வந்தவளுக்குக் கொடுத்தது. வந்தவளிடமிருந்து வாங்கியதும்.

நான் யாரைப் பார்த்து நின்றேன்? வாசலில் வந்த ஒருவர் முகமும் இப்போது நினைவில் இல்லை. என் அடக்கம் அங்கே இல்லாத மூன்று நண்பர்களுக்காக, ஒருவேளை பிரெஸ்ஸோனுக்காக. அப்பா செத்த வீட்டில் நான் ஒரு நல்ல படத்தில் நடித்துக்கொண்டிருந்தேன்.

ஹாம்லெட்டை மறுபடி எடுத்தேன். மூன்றாம் அங்கத்தில் நடிகர்களுக்கு அளவு பற்றி உபதேசம் செய்கிறவன் ஐந்தாம் அங்கத்தில் ஒஃபீலியாவின் குழி மேட்டில் என்ன செய்கிறான்? அவள் அண்ணனோடு போட்டி போட்டுக் கத்துகிறான். மலைகளை இழுக்கிறான். யார் துக்கம் பெரிது என்று ஏலம் நடக்கிறது. பாடத்தில் இரண்டு காட்சியும் இருந்தன. பரீட்சையில் முதலாவதைக் கேட்டார்கள். நானும் முதலாவதை மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வீட்டில் இப்படி அழுகிறார்கள், எனவே ‘பாசமலர்’ சரி என்று சொல்ல வரவில்லை. வாழ்க்கையில் இல்லை என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும், இருக்கிறது என்பதற்காக ஒன்றை ஏற்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். ஆகவே வேறு அளவுகோல் வேண்டும். பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் முகத்தில் அறைந்தது. கழுதையை விட்டுவிட்டால், சிறந்தவற்றில் இருக்கும் மூன்று பேருமே நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். ஃபால்கனெட்டி பாரிஸ் மேடை நடிகை. சுனிபாலா தேவி பழைய வங்க மேடையில் நடித்துவிட்டு ஒதுங்கியிருந்தவர். படம் வெளிவருமுன் இறந்துபோனார். பாகவதரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேடை நடிப்பு சிவாஜியைக் கெடுத்தது என்று லாட்ஜ் அறையில் மேஜையைத் தட்டிய நான் இதைக் கவனிக்கவில்லை. போதாக்குறைக்கு, ஃபால்கனெட்டி படம் நெடுக அழுகிறார். அது மிகை என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. ஊமைப்படமானதால் எங்களுக்குக் காதில் விழவில்லை போலும்.

‘வீடு’ படத்தில் பாகவதர் தனியாகக் குடையோடு போய்ப் பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கிறார். சுவரைத் தொடுகிறார். அந்தச் சுவருக்கும் அவருக்கும் நடுவில் நாம் இல்லை. நாம் பார்ப்பது அவருக்குத் தெரியாது என்பதில்லை. அதைவிடச் சுவர் முக்கியமாக இருக்கிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில், காயம்பட்டுத் தேறிய நாயனக்காரனிடம் அவள் ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கும் கட்டத்திலும் நடப்பது இதுதான். வசனத்தால் பேரெடுத்த நடிகரின் வாயில் சீவாளி. இரண்டு கையும் வாத்தியத்தில். வாசிப்பது சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். ஆக ஒலியும் அவருடையதல்ல. மிச்சம் இருப்பது கண்கள் மட்டும். கன்னம் உப்புகிறது, கண்ணில் நீர் கட்டுகிறது, கழுத்து அசைகிறது. அளவு என்று பார்த்தால் மிகைதான். ஆனால் ஒரு விநாடிகூடப் பத்மினியிடமிருந்து அந்தக் கவனம் விலகவில்லை.

இதற்குப் பிறகு ‘பாசமலர்’ கடைசிக் காட்சியைச் செல்போனில் போட்டுப் பார்த்தேன், இரண்டு முறை. முதல் முறை பழைய எரிச்சலே வந்தது. இரண்டாம் முறை ஸாவித்திரியைப் பார்த்தேன். அந்தக் குரல் முழுவதும் அவர் இருக்கும் திசையில் போவது தெரிந்தது. கண் தெரியாதவன் குரலால் தடவிப் பார்க்கிறான். அது சிறந்த நடிப்பு என்று நான் இன்னும் சொல்லத் தயாராக இல்லை; காட்சி தேவைக்கு மேல் நீள்கிறது, இசை நம் தோளைப் பிடித்து உலுக்குகிறது. ஆனால் மோசமான நடிப்பு அல்ல. அந்த வரியை அடித்துவிட்டேன். காலியான இடத்தில் வைக்க எனக்குப் பெயர்கள் கிடைக்காமல் இல்லை. தாடி வளர்த்து, தாழ்ந்த குரலில், எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்காகக் காத்திருக்கும் முகங்களை இப்போது நிறையப் பார்க்கிறோம். அடக்கம் ஒரு உடுப்பாகிவிட்டது. அவர்களில் என்னைக் காண்பதால் பெயர் எழுதாமல் விடுகிறேன்.

கவிதை எழுதும் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கட்டபொம்மன்?” என்றார்.

சரியான கேள்வி. என் புது அளவுகோலில் அந்தக் காட்சி தேறாது. சிவாஜி அதில் ஜாக்ஸனைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். படமாவதற்கு முன்பே சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய நாடகம் அது. அந்த வார்த்தைகள் ஜாக்ஸனைத் தாண்டிக் கடைசி பெஞ்சுக்குப் போவதற்கென்றே எழுதப்பட்டவை. 1960-ல் கெய்ரோவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள் என்பதால் என் சிக்கல் தீர்ந்துவிடாது.

சொந்த விவகாரத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா முகச் சவரம் செய்துகொள்வார். பாதி முகத்தில் நுரையோடு திடீரென்று திரும்பி அந்த வசனத்தைத் தொடங்குவார். எனக்கு ஏழெட்டு வயது. கிணற்றடித் திண்டில் உட்கார்ந்திருக்கும் நான்தான் ஜாக்ஸன் துரை. கண்ணாடியைப் பார்த்துப் பேசியிருக்கலாம், எதிரிலேயே இருந்தது. ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. என்னைப் பார்த்தே பேசினார், முழு வசனத்தையும், ஒரு சொல் விடாமல், பக்கத்து வீட்டார் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கும் குரலில். நான் சிரிக்கக் கூடாது என்பது ஏற்பாடு. சிரித்தால் தோற்றேன்.

நண்பரிடம் இதைச் சொல்லவில்லை. இது விமர்சனமாகாது என்று தெரியும். இரண்டாவது வரியை அடிக்காமல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.