மிக்காரும் ஒத்தாரும் எளியாரும்

கல்வி நிரம்புமாற்றைக் கூறவந்த பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்கு வகுத்துள்ளார். ஆசிரியன் உரைத்ததைச் செவ்வனே கொண்ட மாணாக்கனுக்கும் புலமையிற் காற்பங்கே கைவரும். உடன்பயில்வாரோடு கூடிப் பழகுதலால் மற்றொரு காற்பங்கு எய்தும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் வந்து நிரம்பும். மிக்காரிடம் பெறுவது கால், ஒத்தாரிடம் பெறுவது கால், தன்னினும் எளியாரிடம் பெறுவது அரை என்றால் வியப்பன்றோ? திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட சாமிநாதையர், 1876இல் ஆசிரியர் சிவபதம் அடைந்தபின் 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குச் செல்லும்வரை அம்மடத்திலேயே மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லி வந்தார். பின்னாளில் அவர் ஏடுகளை ஆராய்ந்து பதிப்பித்த திறத்துக்கு அவ்வாண்டுகள் எத்துணை உரமிட்டன என்பது தமிழறிந்தார்க்குச் சொல்லவேண்டுவதன்று.

இக்கணக்கு ஏட்டுக் கல்விக்கே உரியதென்று கருதுவாருளர். ஏட்டுக்கும் தனக்கும் யாதோர் இயைபுமில்லாத ஒரு விளையாட்டிலும் அது பொருந்துமாற்றைக் காரைக்குடியில் ஒரு வளவிலே காணலாகும்.

அவ்வளவின் உரிமையாளர் எழுபத்தெட்டு வயதுடைய முதியவர். இளமையிலே மலேயா நாட்டிலிருந்து வாணிகஞ்செய்து மீண்டவர். பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலிச் சலவைக்கல்லும் அமைந்த அவ்வீட்டின் இரண்டாங்கட்டில் ஒரு பெரிய மேசை கிடக்கின்றது. கற்பலகையின்மேற் பச்சைக் கம்பளி போர்த்து, நான்கு மூலையினும் நெடும்பக்கங்களின் நடுவினும் ஆக ஆறு குழிகள் அமைத்தது அது. பதினைந்து எண்பந்துகளும் ஒரு வெண்பந்தும் அதற்குரியன. கையிலுள்ள கோலால் வெண்பந்தை மட்டுமே தீண்டலாம். வெண்பந்து சென்று மோதி ஏனையவற்றைக் குழியில் வீழ்த்தவேண்டும். ஒருவர்க்கு 1 முதல் 7 வரை எண்ணிட்டவை. மற்றவர்க்கு 9 முதல் 15 வரை. தம்முடைய ஏழையும் வீழ்த்தியவரே 8 என்னும் கரும்பந்தை ஈற்றில் வீழ்த்தி வெல்லற்குரியர். இதனைப் பூல் என்பர்.

இதற்கு உடன்பிறப்பான ஸ்நூக்கர் நம் நாட்டிலே தோன்றியது. 1875இல் ஜபல்பூர்ப் படைவீரர் விடுதியில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் படைத்தலைவர் இதனைக் கண்டார், (பின்னாளில் இங்கிலாந்தின் முதலமைச்சராயிருந்தவர் வேறொருவர்.) 1882இல் நம் உதகமண்டலத்துச் சங்கத்தில் இதன் விதிகள் எழுதி மாட்டப்பெற்றன. அப்பெயர் வந்த வரலாறுதான் ஈண்டுக் கருதற்பாலது. வுல்விச் படைப்பள்ளியிற் புதிதாகச் சேர்ந்த கற்றுக்குட்டியை 'ஸ்நூக்கர்' என்றழைப்பது அக்கால வழக்கு. எளிய அடியொன்றைத் தவறவிட்ட ஒருவரைச் சேம்பர்லின் அப்பெயரால் நகைத்தாராம். பின்பு அவர் மனம் புண்படாவாறு, இவ்விளையாட்டில் நாம் எல்லாரும் கற்றுக்குட்டிகளே எனத் தேற்றினாராம். அச்சொல்லே ஆட்டத்திற்குப் பெயராய் நிலைத்தது. இதனை அவரே 1938இற் பத்திரிகை வாயிலாகத் தெரிவித்தார். வல்லாரும் மெல்லாரும் கூடிய அவையிற் பிறந்த பெயர் இது. வசையாய்த் தோன்றி ஆறுதலாய் முடிந்தது.

முதியவர்க்குக் காரைக்குடியிலே துணையாடுவார் எவருமிலர். ஆதலின் பத்து வயதுப் பேரனையே துணையாகக் கொண்டார். எளியாரோடு ஆடுவார்க்கு வரும் கேடு யாதெனின் சோர்வு. எதிராளி தவறவிட்ட பந்துகள் மேசையெங்கும் எளிதாய்க் கிடக்க, எப்படி அடிப்பினும் வெற்றி வருமென்ற எண்ணத்தால் கோல் பிடிக்கும் கை நெகிழ்ந்துபோம். இதனையுணர்ந்த முதியவர் தமக்குத் தாமே விலங்கு பூட்டிக்கொண்டார். இன்ன பந்து இன்ன குழியில் வீழுமென முன்னரே சொல்லி அடிக்கவேண்டுமென்பது அவர்க்கு விதி, சிறுவனுக்கு அவ்விதியில்லை. அன்றியும், ஆட்டந் தொடங்குமுன் சிறுவனுடைய ஏழு பந்துகளில் இரண்டை எடுத்து அப்பால் வைத்துவிடுவார். ஐந்தை வீழ்த்தினால் அவனுக்குப் போதும். சிறுவன் 'ஏன் ஐயா அப்படி அடிச்சீங்க?' என்று வினவுந்தோறும், நாற்பதாண்டுகளாகக் கை தானே செய்துவந்ததற்குக் காரணம் தேடவேண்டியதாயிற்று. ஒரு பந்தை வீழ்த்துவது சிறிது. வெண்பந்து அடுத்த அடிக்கு ஏற்ற இடத்திற் போய் நிற்பதே பெரிது என்பதனைச் சொல்லிச் சொல்லித் தாமே தெளிந்தாரென்பர்.

(செட்டிநாட்டுச் சீர்வரிசையில் இடம்பெறும் பல்லாங்குழி இவ்வகையில் இரக்கமற்றது. முதலாட்டத்தில் தோற்றவர் அடுத்த ஆட்டத்திற்குக் குறைந்த குழிகளோடே புகவேண்டும். அப்பத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்கு முத்துக்களை ஒளித்து ஈவதற்கு அதுவே காரணம்போலும்.)

பேரன் வளர்ந்து மதுரையிற் கல்லூரிக்குச் சென்றான். ஆங்குத் தன்னினும் மிக்காரோடு ஆட நேர்ந்தது. மிக்காரோடு ஆடுவதென்பது பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்திருப்பதே. ஒருமுறை தவறினால், எதிராளி பந்துகளை வரிசையாக வீழ்த்தி முடிக்குமளவும் கோலை ஊன்றிக்கொண்டு பார்த்திருக்கவேண்டும். நெடுநேரம் இருந்து எழுபவனுக்குக் கை விறைக்கும்; எளிய அடியும் பிழைக்கும். முதல் மூன்று திங்கள் அவன் ஓராட்டமும் வென்றிலன். ஆயினும் நாற்காலியிலிருந்து நோக்கக் கற்றான். வல்லார் அரிய அடிகளால் வெல்வாரல்லர். அரிய அடி நேராதவாறு முன்னரே வெண்பந்தை நிறுத்திக்கொள்வதால் வெல்கின்றனர் என்று கண்டான். ஐயா பன்னிரண்டு வயதிற் சொன்னது பத்தொன்பதில் விளங்கிற்று. ஒத்தார் சிலரும் அவனுக்கு வாய்த்தனர். அவரோடு ஆடிய ஆட்டங்களே அவன் எவ்வளவு முன்னேறினான் என்று அளந்து காட்டின.

விடுமுறைக்கு வந்தவன் ஐயாவின் வலக்கை நடுங்குவதைக் கண்டான். இடக்கையைக் கம்பளிமேல் ஊன்றி விரற்பாலத்திற் கோலை வைத்தால், கோலின் நுனி நிலைகொள்ளாது அசையும். முதல் நாள் ஐயா இரண்டு ஆட்டம் வென்றார், மறுநாள் மூன்று. மூன்றாம் நாள், குழியின் வாயிலிலே நின்ற பந்தொன்றைப் பேரன் தவறவிட்டான். முதியவர் ஒன்றும் பேசாது தம் கோலைச் சட்டத்தில் மாட்டிவிட்டு முகப்புக்குச் சென்று அமர்ந்தார். நான்கு நாள் அம்மேசையின்மேல் விரிப்புக் கிடந்தது.

பேரன் செய்தது அன்பினாலன்றோ என்பார் உளர். அன்பினாலேதான், ஆயினும் பிழையே. மறைவாக விட்டுக்கொடுப்பவன் எதிரிலிருப்பவரை ஆட்டக்காரராக எண்ணுகின்றிலன். குழந்தையாகவோ நோயாளியாகவோ எண்ணுகின்றான். சிறுவனுக்கு இரண்டு பந்துகளை வெளிப்படையாக எடுத்து வைத்த ஐயா, அவன்முன் ஒருநாளும் வேண்டுமென்று தவறியவரல்லர். எடுத்து வைத்தபின் முழு வலியோடு ஆடினார். அவன் வென்ற நாள் உண்மையாகவே வென்றான். அறிவித்து ஈயும் சலுகையில் இருவர்க்கும் நாணமில்லை. ஒளித்து ஈவதிலோ பெறுபவர் தம் வெற்றியையும் இழக்கின்றார், தம் தோல்வியையும் இழக்கின்றார்.

ஐந்தாம் நாள் மாலை முதியவரே விரிப்பை நீக்கினார். பந்துகளை முக்கோணச் சட்டத்தில் அடுக்கி, தமக்குரியவற்றுள் இரண்டை எடுத்து ஓரத்தில் வைத்தார்.

'தம்பி, இனிமே எனக்கு அஞ்சுதான். நீ குழியைச் சொல்லித்தான் அடிக்கணும். தெரிஞ்சு தவறவிட்டா மேசையை வித்துருவேன்.'

'சரிங்க ஐயா' என்றான் பேரன். அன்றைய ஆட்டங்கள் நான்கிலும் அவனே வென்றான். ஐந்தாவதில், முதியவரின் ஐந்தும் குழியில் வீழ்ந்து கரும்பந்து மட்டும் நின்றது. கை நடுங்கிற்று, பந்து குழியின் விளிம்பைத் தொட்டு நின்றுவிட்டது. பேரன் குழியின் பெயரைச் சொல்லி அதனை வீழ்த்தினான். முதியவர் கோலின் நுனிக்கு நீலச் சுண்ணம் தடவிக்கொண்டே, தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எட்டு வயதுப் பேத்தியை அழைத்து, அவளுக்கு எத்தனை பந்து எடுத்து வைக்கவேண்டுமென்று அவளையே கேட்டார்.